ராஜா வண்டியின் பிறப்புச் சான்றிதழ்

பெயின்டைக் கரைக்கும் தின்னர் வாசனையும் சந்தன வாசனையும் தனித்தனியே வந்தால் எனக்கு ஒன்றும் ஆகாது. இரண்டும் ஒரே காற்றில் சேர்ந்து வந்தால் உள்ளங்கை வியர்த்துவிடும். அம்பத்தூர் இன்டஸ்ட்ரியல் எஸ்டேட் பக்கம் குடியிருக்கும் ஒருத்திக்கு இது பெரிய தொல்லை. ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் ஒவ்வொரு பட்டறையிலும் இரும்புக்குப் புது பெயின்ட் அடித்து, அது காய்வதற்குள் பொட்டும் வைத்துவிடுகிறார்கள். தெரு முழுக்க அந்த வாசனைதான். நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எதிர்வீட்டில் என்னை பக்தியில்லாத பொம்பளை என்று பேசிக்கொள்வதாகக் கேள்வி. பக்தியெல்லாம் இருக்கிறது. அவமானம் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது, அவ்வளவுதான்.

சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன்பு, நாற்பதைத் தாண்டிப் புத்தி வந்திருக்க வேண்டிய வயதில், நான் ஒரு கல்யாணத்தை நிறுத்தப் பார்த்தேன். காதல் விவகாரம் ஒன்றுமில்லை. எனக்கு ஆங்கிலம் தெரியும் என்பதுதான் காரணம்.

அப்போது இரண்டு வசன கவிதைத் தொகுப்புகள் வெளியிட்டிருந்தேன். (வெளியிட்டேன் என்றால், அச்சடித்துக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தேன்.) பகலில் எஸ்டேட்டில் ஒரு கம்பெனிக்கு ஏற்றுமதிக் கடிதங்கள் எழுதும் வேலை. நாள் முழுக்க 'தங்கள் மேலான பதிலை எதிர்நோக்கி' என்று எழுதிக் களைத்த கை, சாயங்காலம் ஆனதும் நிலாவைப் பிடித்து உலுக்கும். இப்படிப்பட்ட ஒரு ஜீவனிடம் ஒரு காரின் பூர்வீகத்தைக் கண்டுபிடிக்கும் பொறுப்பை ஒப்படைத்த பெருமை என் தம்பி தனசேகரையே சேரும்.

தனா கரையான்சாவடியில் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கிறான். பாரிவாக்கம் ஏகாம்பரம் அண்ணனின் மாட்டுக்கொட்டகையில் பல காலமாக வைக்கோலுக்கு நடுவே நின்ற ஒரு சீமைக் காருக்கு உயிர் கொடுக்கும் வேலை அவனிடம் வந்தது. கப்பல் மாதிரி நீளம். அந்த மாடலில் உலகத்திலேயே மிச்சமிருப்பவற்றை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்றான் தனா. வயலில் பாதி வீட்டு மனைகளான பிறகும் அந்தக் குடும்பம் காரை மட்டும் விற்கவில்லை. ஏதோ ஒரு ராஜாவுக்காகவே செய்த வண்டி என்றும், தன் தாத்தா அதை ஏலத்தில் எடுத்தார் என்றும் ஏகாம்பரம் அண்ணன் ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். எந்த ராஜா என்று கேட்டால் மட்டும் டீ சொல்லப் போய்விடுவார்.

வண்டி ராஜா வீட்டிலிருந்து வந்த மாதிரித் தெரியவில்லை. வெள்ளை, பச்சை, ஒரு தேர்தலுக்காக இரண்டு வர்ணம், ஒரு படப்பிடிப்புக்காக மஞ்சள் என்று தோலுக்கு மேல் தோல். சீட்டில் ஆட்டோ ரெக்சின். எல்லாவற்றையும் சுரண்டி எடுத்து, அடிப்பூச்சாகச் சாம்பல் நிற பிரைமர் பூசி, அதற்கு மேல் என்ன செய்வது என்று தெரியாமல் நிறுத்தி வைத்திருந்தான் தனா.

ஏகாம்பரம் அண்ணனுக்கு ஒரே ஆசை. மகள் யமுனாவின் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்பு அந்தக் காரில் நடக்க வேண்டும். அதுவும் தொழிற்சாலையிலிருந்து அன்று எப்படி வெளியே வந்ததோ அதே நிறம், அதே சீட்டோடு. மண்டப வாசலில் காரின் பிறப்புச் சான்றிதழை ஃபிரேம் போட்டு மாட்டவும் வேண்டும். ராஜாவை நம்பாத பங்காளிகள் அதைப் படித்துவிட்டுத்தான் சாப்பிட உட்கார வேண்டும்.

இங்கிலாந்தில் பழைய கார் பிரியர்களின் சங்கம் ஒன்று அந்தத் தொழிற்சாலையின் பேரேடுகளைப் பாதுகாத்து வருகிறதாம். சேசிஸ் நம்பரை அனுப்பினால் அந்தப் பக்கத்தின் நகலை அனுப்புவார்களாம். எங்கள் குடும்பத்தில் இங்கிலாந்தோடு பேசத் தகுதியுள்ள ஒரே ஆள் நான்தான் என்று முடிவானது. (முடிவு செய்ததும் நான்தான்.)

நம்பர் தகடு பானெட்டுக்குள் இருந்தது. இருந்தது என்று நம்பினோம். அந்தத் தகடுதான் வண்டியின் நெற்றி என்று ஏகாம்பரம் அண்ணனின் அப்பா முடிவு செய்திருந்ததால், ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் முதல் பொட்டு அதற்குத்தான். வருஷாவருஷம் சந்தனம், அதன் மேல் குங்குமம், அதன் மேல் என்ஜின் எண்ணெய், மறுபடியும் சந்தனம். எல்லாம் இறுகி ஒரு புற்று மாதிரி ஆகியிருந்தது. உள்ளே எண்கள் மங்கலாக மேடுதட்டித் தெரிந்தன.

தனா தின்னர் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"யக்கா, ஒரு தபா தொடச்சிட்டு அப்பால படி."

நான் அவன் கையைப் பிடித்தேன். இது அழுக்கல்ல, தனா, ஒரு குடும்பத்தின் பிரார்த்தனை படிந்து படிந்து பாறையானது, இதைத் தின்னர் ஊற்றிக் கழுவுவது ஒரு மொழியை அழிப்பதற்குச் சமம் என்று சொன்னேன். (சொன்னேன். சாட்சிகள் உயிரோடு இருக்கிறார்கள்.) அவன் என்னைப் பார்த்தான், டப்பாவைப் பார்த்தான். பிறகு மூடியை மூடிவிட்டான். படித்தவளோடு பேசி ஜெயிக்க முடியாது என்பது அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

தகட்டின் மேல் ஒரு தாளை வைத்து, பென்சிலால் மென்மையாகத் தேய்த்தேன். எண்கள் ஆவி மாதிரி எழும்பி வந்தன. கடைசி எண் எட்டு. அழகான, உருண்டையான எட்டு. அன்றிரவே சங்கத்துக்கு மூன்று பக்கக் கடிதம் அனுப்பினேன். பாரிவாக்கத்து ஏரிக்காற்று, வைக்கோலின் வெதுவெதுப்பு, இரும்பின் ஞாபகம் எல்லாம் அதில் இருந்தன. அவர்களுக்குத் தேவைப்பட்ட நம்பரும் இரண்டாம் பக்கத்தின் நடுவில் எங்கேயோ இருந்தது.

கல்யாணத்துக்குப் பதினைந்து நாட்கள் இருக்கும்போது மின்னஞ்சலில் பதில் வந்தது. சாதாரண மனுஷியாக இருந்தால் உடனே திறந்து பார்த்திருப்பாள். நான் பார்க்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் சேக்காட்டிலிருந்து முகூர்த்தப் புடவையோடு பாரிவாக்கம் வருவதாக இருந்தது. இரு வீட்டார் முன்னிலையில், முதல் முறையாக, என் குரலில் அந்த ரகசியம் அவிழ வேண்டும் என்று தீர்மானித்தேன். இரண்டு நாட்கள் போனைத் தொடும்போதெல்லாம் உடம்பு சிலிர்த்தது.

கூடத்தில் பாய் விரித்து எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மாப்பிள்ளையின் அப்பா தட்சிணாமூர்த்தி. ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் உதிரி பாகங்களைச் சோதித்து முத்திரை போடும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கேசரியைக்கூட ஒரு பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் போட்டார். நான் எழுந்து நின்று, போனில் அந்தப் பக்கத்தைப் பெரிதாக்கி, வரிவரியாகத் தமிழாக்கினேன்.

"நிறம்: நள்ளிரவின் கறுப்பு." (பேரேட்டில் கறுப்பு மட்டும்தான். நள்ளிரவு என் கைங்கரியம்.)

பின்பக்கம் இருக்கைகள் கிடையாது, முழு நீளத்துக்கும் மெருகேற்றிய மர மேடை என்றேன். ராஜா கால் நீட்டிப் படுத்துக்கொண்டே ஊர்கோலம் போவார் என்று ஏகாம்பரம் அண்ணன் பங்காளிகளுக்கு விளக்கினார். இரு பக்கமும் ஆளுயரக் கண்ணாடி என்றேன். பிரஜைகளுக்குத் தரிசனம் தர என்று நானே சேர்த்துக்கொண்டேன். மேடையில் உருளைகள் என்று வந்ததும் ஒரு விநாடி நாக்கு தடுக்கியது. ஆனால் ஏறி இறங்க ராஜாவுக்குச் சிரமம் இருக்கக் கூடாதல்லவா? கூரை மேல் மலர்வளையம் சாத்த வெள்ளிக் கம்பிகள் என்றபோது ஒரு அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கு அப்படி ஒரு கேட்போர் கூட்டம் அதற்கு முன்பும் அமைந்ததில்லை, பின்பும் அமையவில்லை. அந்தப் போதையிலேயே கடைசி வரிக்கு வந்தேன்.

"தருவித்தவர்கள்: நகரச் சவ அடக்க ஏற்பாட்டாளர்கள்."

வாய் வேலையை முடித்துவிட்டது. மூளை அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது.

தட்சிணாமூர்த்தி கேசரித் தட்டைக் கீழே வைத்தார்.

"பொணம் தூக்குற வண்டியிலயா எம் புள்ளய உக்கார வெச்சுக் கூட்டிப் போவப் பாத்தீங்க?"

இந்த இடத்தில் ஒரு கல்கூட வாயை மூடிக்கொண்டிருக்கும். நான் பேசினேன். வரலாற்றை மறைக்கக் கூடாது என்றேன். இங்கே வந்த பிறகு வண்டியின் உடலை வெட்டிக் கதவும் சீட்டும் வைத்திருப்பார்கள் என்று தொழில்நுட்ப விளக்கம் தந்தேன். முத்தாய்ப்பாக, மரணமும் ஒரு ஊர்வலம்தானே சார் என்றேன். என் கண்டுபிடிப்பைக் காப்பாற்றும் அவசரத்தில், அந்தக் கூடத்தில் ஒரு கல்யாணம் செத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா புடவைத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். தட்சிணாமூர்த்தி எழுந்துவிட்டார். ஏகாம்பரம் அண்ணன் என்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. தரையைப் பார்த்தபடி, ஏதோ மன்னிப்புக் கேட்பது போல, "எங்க தாத்தா ராஜான்னுதாம்மா சொன்னாரு" என்றார்.

அப்போதுதான் யமுனா உள்ளேயிருந்து வந்தாள். எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை செய்கிற பெண். நம்பரை எப்படி எடுத்தீர்கள் என்று என்னிடம் கேட்டாள். தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்தேன் என்றேன்.

"தொடச்சிட்டா, தொடைக்காமலா?"

நான் தனாவைப் பார்த்தேன். தனா கூரையைப் பார்த்தான்.

அவள் வேறெதுவும் கேட்கவில்லை. பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கொட்டகைக்கு நடந்தாள். அன்று காட்சிக்காக வண்டியைத் தனா அங்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். அவன் டப்பாவிலிருந்து தின்னரைத் துணியில் நனைத்து அவளே தகட்டைத் தேய்த்தாள். அரை நூற்றாண்டுச் சந்தனம் கரைந்து செம்மண் சேறாக வழிந்தது. தின்னரும் சந்தனமும் கலந்த அந்த வாசனை அன்றுதான் என் மூக்குக்குள் குடியேறியது. தேய்த்து முடித்து, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவரை அவள் கூப்பிட்டாள்.

"மாமா, நீங்க வந்து படிங்க. நீங்க சொன்னா சரி."

ஆயுள் முழுக்க நம்பர் படித்தவர். கோபம் ஒரு பக்கம், பழக்கம் ஒரு பக்கம். பழக்கம் ஜெயித்தது. கண்ணாடியை மாட்டினார், குனிந்தார், கடைசி எண்ணை நகத்தால் கீறிப் பார்த்தார். பிறகு என் பென்சில் தாளை வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மூன்றின் திறந்த பக்கத்தைச் சந்தனம் அடைத்துத்தான் எட்டாக்கியிருந்தது.

"மூணு," என்றார். "இது எட்டு இல்ல. இத செக் பண்ணது யாரு?"

பாரிவாக்கமே என்னைப் பார்த்தது. ஒரு மாடு உட்பட.

"அழுக்கு மேல நம்பர் படிச்சவங்கள நான் செக்ஷன்ல வெச்சிக்கிட்டதே இல்லம்மா," என்றார். புடவைத் தட்டு திரும்பக் கூடத்துக்கு வந்தது. ஆனால் சரியான தாள் வரும்வரை தன் மகன் அந்த வண்டியில் ஏற மாட்டான் என்றும், அந்தத் தாளைத் தானே திறப்பதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டாவது கடிதம் இரண்டே வரி. ஒன்றில் நம்பர், இன்னொன்றில் மன்னிப்பு. என் படைப்புகளில், பதில் வர வேண்டுமே என்று நான் கண்ணீர் விட்டது அது ஒன்றுக்குத்தான். தினமும் காலையில் ஏகாம்பரம் அண்ணன் போன் செய்வார். எதுவும் கேட்க மாட்டார். சாப்பிட்டியாம்மா என்பார். நான் இல்லை என்பேன். அதுவே பதில்.

கல்யாணத்துக்கு ஐந்து நாட்கள் முன்பு பதில் வந்தது. சேக்காட்டில் தட்சிணாமூர்த்தி வீட்டில், ஏகாம்பரம் அண்ணனும் தனாவும் கூட இருக்க, அவர் தன் விரலால் திறந்து ஒவ்வொரு சொல்லையும் அகராதியில் சரிபார்க்க, நான் உவமை இல்லாமல் படித்தேன். நான்கு கதவுக் குடும்பக் கார். பழுப்புத் தோல் சீட். சாம்பல் நிறம். முதல் சொந்தக்காரர் ஒரு பல் டாக்டர்.

"சாம்பலா?" என்றான் தனா. "யக்கா, நாலு மாசமா பிரைமர்ல அந்தக் கலர்லதானே நிக்குது."

ஏகாம்பரம் அண்ணன் வாசல் பக்கம் திரும்பினார். மூன்று தலைமுறையாக வீட்டில் இருந்த ராஜா எழுந்து வெளியே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார் போல. பிறகு மெதுவாக நிமிர்ந்தார்.

"ராஜாக்குப் பல்லு புடுங்குன டாக்டரா இருந்திருப்பாரு," என்றார். தட்சிணாமூர்த்தி அதற்கு மட்டும் அகராதியைப் பார்க்கவில்லை.

மாப்பிள்ளை அந்தக் காரில்தான் வந்தார். பெயின்ட் முழுதாகக் காயாததால் பட்டு வேட்டியின் பின்பக்கம் தொழிற்சாலையின் அசல் நிறத்தில் இருந்தது. ஏகாம்பரம் அண்ணன் மறக்காமல் பொட்டு வைத்தார். நம்பருக்கு மேல் இல்லை. நான்கு விரல் தள்ளி. பல் டாக்டரின் தாள் மண்டப வாசலில் தொங்கியது. பங்காளிகள் படித்துவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டிலும் அந்த இரு சம்பந்தி வீடுகளிலும் நான் எதைப் படித்துச் சொன்னாலும் யாராவது ஒருவர் துணியை எடுத்து நீட்டுவார்கள். மருந்துச் சீட்டு, கரண்ட் பில், ஜாதகம் எதுவானாலும் சரி. தனா என் மூன்றாவது தொகுப்பின் வெளியீட்டு விழாவுக்கு அன்பளிப்பாகக் கொண்டுவந்தது ஒரு லிட்டர் தின்னர்.

சிரிக்காத ஒரே ஆள் தட்சிணாமூர்த்தி. அவர் கேலி பேசி யாரும் கேட்டதில்லை. போன மாதம் யமுனா மகளுக்குக் காதுகுத்து. விருந்து முடிந்து சேக்காட்டிலிருந்து கிளம்பினேன். அவரே பஸ் நிறுத்தம்வரை வழியனுப்ப வந்தார், கண் ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடியோடு. பேத்தியைப் பற்றிப் பேசினார், வெயிலைப் பற்றிப் பேசினார். பஸ் வந்தது. ஆவடிப் புழுதி அத்தனையும் அதன் நெற்றியில். நான் படியில் காலை வைக்கும்போது, முகத்தில் ஒரு கோடு அசையாமல், சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து நீட்டினார்.

"நம்பரத் தொடச்சிப் பாத்துட்டு ஏறும்மா."