படுக்கையறைக்குக் காற்று வரவில்லை

"வருதா?" என்று ஹாலிலிருந்து மனைவி கேட்டாள்.

கணக்கு வாத்தியார் ஸ்டூல் மேல் ஏறி, படுக்கையறை சீலிங்கில் இருந்த ஏசி துவாரத்துக்கு நேராகக் கையை நீட்டிக்கொண்டு நின்றார். கால் மணி நேரமாக அப்படித்தான் நிற்கிறார்.

"யாரோ தூங்கி மூச்சு விடற அளவுக்கு வருது" என்றார்.

ஹாலில் நேர்மாறு. அங்கே மனைவி ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு காய் நறுக்கினாள். மொட்டைமாடியில் இருப்பது ஒரே இயந்திரம். அதிலிருந்து கிளம்பும் தகரக் குழாய்கள் மாடியில் குடியிருக்கும் வீட்டுக்காரருக்கும் கீழே இவர்களுக்கும் சேர்த்துக் காற்றைக் கொண்டுவருகின்றன. அந்தக் காற்றுக்குப் படுக்கையறை பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

"வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்களேன்."

"ரெண்டு வருஷமா சொல்றேன். 'பாக்கலாம்'ங்கறார். மாசக் கடைசில ஒப்பந்தம் முடியுது. யாரோ ஒரு டாக்டர் வேற இந்த வீட்டைக் கேட்டுட்டுப் போயிருக்கார். இப்பப் போய் நொட்டை நொள்ளை சொன்னா, மூட்டையைக் கட்டுன்னுடுவார்."

மனைவி கத்தியைக் கீழே வைத்தாள். மகளின் பள்ளி அடுத்த தெருவில். பரீட்சைக்கு இரண்டு மாதம்தான் பாக்கி. இந்த வீடு போனால் ஊருக்கு அந்தக் கோடியில்தான் வேறு வீடு கிடைக்கும்.

"அப்ப நீங்களே பாருங்க" என்றாள். வேறு கதியே இல்லாதபோது மட்டும் அவள் சொல்கிற வாக்கியம் அது.

வாத்தியார் மூன்று வீடியோ பார்த்தார். மூன்றாவது முடிவதற்குள், காற்றைப் பற்றி இனித் தெரிந்துகொள்ள எதுவும் மிச்சமில்லை என்ற முடிவுக்கு வந்திருந்தார்.

"காத்து ஒரு சோம்பேறி. சுலபமான வழியில தான் போகும். ஹால் துவாரம் ரெண்டையும் அடைச்சா, போக்கிடம் இல்லாம பெட்ரூமுக்கு வந்துதானே ஆகணும்?"

அட்டை வெட்டி, டேப் ஒட்டி அடைத்தார். படுக்கையறைக்குக் காற்று வந்தது. கூடவே ஒரு விசில் சத்தமும் வந்தது. குக்கர் விசிலாவது அடங்கும், இது அடங்குவதாக இல்லை. மகள் புத்தகத்தோடு ஓடிவந்தாள்.

"அப்பா, இதை நிறுத்துங்க. இல்லன்னா நான் ஃபெயில். முன்னாடியே சொல்லிட்டேன்."

"என்னை ஏன் சொல்ற? மாடியில ஒரு கஞ்சப் பிசினாறி உக்காந்திருக்கானே, அவனைச் சொல்லு" என்ற வாத்தியார், வீட்டுக்காரரைப் போலவே தொண்டையைக் கனைத்து, மூக்கால் "பாக்கலாம்" என்றார். பரீட்சைக் கவலையையும் மறந்து மகள் சிரித்தாள்.

விசில் எங்கிருந்து வருகிறது என்று கணக்குப் போட்டார். நடைச் சுவரில், அறைக் காற்று இயந்திரத்துக்குத் திரும்பிப் போகிற பெரிய துவாரம் ஒன்று உண்டு. அதில் ஒரு தலையணையைத் திணித்தார். விசில் நின்றது.

"பாத்தியா?"

"அது என்னோட தலகாணி" என்றாள் மனைவி.

விசிலோடு குளிரும் குறைந்தது. உடனே வெப்பநிலையை அடிமட்டத்துக்கு இறக்கிவைத்தார். மறுநாள் காலை சீலிங்கிலிருந்து கட்டிலில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. காற்றோட்டத்தை அடைத்துவிட்டுக் குளிரைக் கூட்டினால் உள்ளே பனிக்கட்டி பிடித்துவிடும் என்று நான்காவது வீடியோவில் சொன்னார்கள். வாத்தியார் கட்டிலை நகர்த்தி வாளியை வைத்தார். அதற்கடுத்த நாள் காற்று மொத்தமாக நின்றது. தண்ணீர் மட்டும் நிற்கவில்லை.

அதற்கும் மறுநாள் காலை, இரண்டு வருடமாகக் கீழே எட்டிக்கூடப் பார்க்காத வீட்டுக்காரர், ஏசி மெக்கானிக்கைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்து கதவைத் தட்டினார்.

"போச்சு. மேலயும் காத்து நின்னுருக்கும்" என்று மனைவி கிசுகிசுத்தாள்.

"எல்லாரும் சௌக்கியம்தானே? ரெண்டு மூணு நாளா சத்தமே காணோம்" என்றார் வீட்டுக்காரர்.

"நாங்க எப்பவுமே அமைதியான குடும்பம் சார்."

வீட்டுக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். மெக்கானிக் நேராக நடைக்குப் போனான். வாத்தியார் ஓடிப்போய்த் துவாரத்துக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவன் அவரைத் தோளைப் பிடித்து நகர்த்திவிட்டு, தலையணையை உருவினான்.



"சார், தப்புதான். வீட்டை டாக்டருக்குக் குடுத்துடாதீங்க. பொண்ணுக்குப் பரீட்சை சார்." வாத்தியாரின் குரல் கெஞ்சியது. நாற்பது பிள்ளைகளை அதட்டுகிற குரல் அது.

வீட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். புது ஒப்பந்தம். மூன்று வருடத்துக்கு.

"டாக்டர் வேணாம்னுட்டேன். தனிக்கட்டை. வீட்ல ரெண்டு வார்த்தை பேசக்கூட ஆள் கிடையாது."

வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது. "குடும்பத்தோட அருமை தெரிஞ்சவர் சார் நீங்க" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இப்படிப்பட்டவரையா அப்படிச் சொன்னோம் என்று வெட்கமாக இருந்தது.

அதற்குள் மாடிப்படியில் வேகமாக இறங்கிவந்த வீட்டுக்காரரின் மனைவி, மெக்கானிக் கையில் இருந்த தலையணையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு, வாத்தியார் மனைவியின் பக்கம் திரும்பினாள்.

"இனிமே அதை அடைக்காதம்மா, மூணு நாளா நீங்க பேசறது மேல ஒரு வார்த்தை கேக்கல... பாதியில விட்டுட்டியே, உன் தங்கச்சி, அவ புருஷன்கிட்ட திரும்பிப் போனாளா, இல்லையா?"