கடுகளவு நகர்ந்த பந்து

மரியாதைக்குரிய அண்ணாவுக்கு,

தங்கை வணங்கி எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம், உங்கள் மாப்பிள்ளை நீங்கலாக. அவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. என்னோடு பேச்சுதான் நின்றிருக்கிறது, இன்றோடு நான்கு நாள். உங்கள் முழங்கால் வலியும் அண்ணியின் இருமலும் குறைய வேண்டிக்கொண்டே இருக்கிறேன்.

போன வருடம் உங்கள் பழைய கோல்ஃப் மட்டைகளைப் பையோடு தூக்கிக் கொடுத்து, "மாப்பிள்ளைக்குத் தொப்பை கரையட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். தொப்பை வைத்த இடத்தில் அப்படியே இருக்கிறது. கரைந்தது வீட்டு நிம்மதி. மூன்று வாரத்துக்கு முன்னால் அவர் அலுவலகக் கிளப்பில் கோல்ஃப் போட்டி. அடிகளை எண்ணி எழுத ஆள் போதவில்லை என்று கிளப் செயலாளர் என்னிடம் வந்து, "அக்கா, பால் கணக்குல அரை லிட்டர் தப்பினாக்கூடக் கண்டுபிடிக்கிற ஆளு நீங்க, உங்க வீட்டுக்காரர் அடிக்கணக்கை நீங்களே எழுதிடுங்க" என்றார். ஒப்புக்கொண்ட பிறகு தெரியாமல் செய்யலாமா? எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள்தான், ஆனாலும் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விதிப் புத்தகத்தை மூன்று தடவை படித்தேன். போட்டியன்று காலையில்தான் புதுக் கண்ணாடியும் கைக்கு வந்தது. அதைப் போட்டுக்கொண்டு இறங்கினால் படிக்கட்டு கொஞ்சம் மேலே எழும்பி வந்தது. "பழகப் பழகச் சரியாயிடும்" என்றார் கடைக்காரர். பழகிக்கொண்டேன்.

பதினைந்தாவது குழிக்குப் போகும் வழியில் பந்து நீளப் புல்லில் கிடந்தது. இவர் அதன் பின்னால் மட்டையை ஊன்றினார். பந்து நகர்ந்தது. என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன் அண்ணா. "ஏங்க, பந்து நகர்ந்துச்சே" என்றேன். "காத்து" என்றார். காற்று எங்கே இருந்தது, என் முந்தானைகூட அசையவில்லை. "வாயை மூடிக்கிட்டு எழுது" என்று சொல்லி அடித்துவிட்டார். கடைசியில் இவருக்குத் தொண்ணூற்றிரண்டு அடி, இவருடைய மேலாளருக்குத் தொண்ணூற்று மூன்று. அடி குறைந்தவருக்குத்தானே கோப்பை, ஒரே அடியில் அது இவருக்கு. அட்டையில் கையெழுத்துப் போடும்போது கை கூசியது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன். பள்ளிக்கூட ஓட்டப் பந்தயத்தில் கடைசி, எனக்கு வந்த வரன்களிலேயே நான்காவது, ஐம்பத்தாறு வயதில் அந்த மனுஷன் முதலாவதாக வந்தது இதுதான் முதல் தடவை. போட்டுவிட்டேன்.

கோப்பை வீட்டுக்கு வந்தது. கடிகாரத்தை இறக்கிவிட்டு அந்த இடத்தில் அதை வைத்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மணி என்ன என்று யாருக்கும் தெரியாது. எனக்கோ சாமி முன்னால் கண்ணை மூடினால் பந்து நகர்கிறது. கண்ணைத் திறந்தால் கோப்பை. பொறுக்க முடியாமல் ஒருநாள் கேட்டேவிட்டேன். அதற்கு இவர், "அவனன்றி ஓர் அணுவும் அசையாதுன்னு காலையில எழுந்ததும் சொல்ற இல்ல? அப்போ பந்தை அசைச்சது அவன். அபராதத்தையும் அவன்கிட்டயே போய் வாங்கிக்கோ" என்கிறார். கடவுளையே தன் பக்கத்துச் சாட்சியாக இழுக்கிற மனுஷனை என்ன செய்வது? நானும் விடவில்லை. "மனசாட்சிக்குப் பொய்க் காத்து அடிக்காதுங்க" என்று சாப்பாடு போடும்போதெல்லாம் சொன்னேன். பதினேழு நாள் தாங்கினார். பதினெட்டாம் நாள் கோப்பையைத் துணியில் சுற்றிக்கொண்டு கிளப்புக்குக் கிளம்பினார். சாட்சி சொல்ல நானும் போனேன்.

கமிட்டி மூன்று மணி நேரம் உட்கார்ந்தது, இரண்டு தட்டு பிஸ்கட் தீர்ந்தது. பந்து அசைந்துவிட்டுப் பழைய இடத்துக்கே வந்தால் குற்றமில்லையாம், வேறு இடத்தில் போய் நின்றால்தான் குற்றமாம். "அக்கா, அசைஞ்சுதா, நகர்ந்துதா?" என்றார் செயலாளர். "நகர்ந்தது" என்றேன். "எவ்வளவு?" "கடுகளவு." உடனே ஒருவர், "எந்தக் கடுகு, பெருசா சிறுசா?" என்றார். இன்னொருவர், மிளகளவு இருந்தால் யோசிக்கலாம் என்றார். மேலாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "கடுகோ மிளகோ, நேர்மைதான் இந்த விளையாட்டோட உயிர்" என்றார். அண்ணா, அந்த மேலாளரின் பந்து புதருக்குள் போனால் அவரும் உள்ளே போவார். வெளியே வரும்போது பந்து அவருக்கு முன்னாலேயே வெட்டவெளியில் வந்து உட்கார்ந்திருக்கும். அவர் அடிகளை எழுதுகிறவர் அவருக்குக் கீழே வேலை பார்க்கிறவர். அதை நான் அங்கே சொல்லவில்லை, நான் எழுதிய அட்டை அவருடையது இல்லையே. நகர்த்திய பந்தைத் திருப்பி வைக்காமல் அடித்ததற்கு மொத்தம் இரண்டு அடி அபராதம் என்று தீர்ப்பானது. தொண்ணூற்று நான்கு. கோப்பை மேலாளருக்குப் போயிற்று. இவருக்கு "நேர்மையாளர்" என்று எழுதிக் கண்ணாடிச் சட்டம் போட்ட பாராட்டுப் பத்திரம். கொடுத்தவரும் மேலாளர்தான்.

அதிலிருந்து மௌனம். குழம்பில் உப்பில்லாவிட்டால்கூடச் சொல்வதில்லை. ஆகையால் நீங்கள் இவருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். என் தங்கை கண்ணால் கண்டதைத்தான் சொன்னாள், அவள் தராசு முள் மாதிரி, நீங்கள் செய்ததும் சரி என்று நாலு வரி போட்டால் போதும். உங்கள் பேச்சுக்கு இங்கே மதிப்புண்டு.

பெரியவர்கள் நீங்கள் இருவரும் நீடூழி இருந்து எங்களை ஆசீர்வதிக்க வேண்டும். பிள்ளைகளுக்கு அத்தையின் அன்பு.

இப்படிக்கு,
உண்மையை மறைக்கத் தெரியாத
உங்கள் தங்கை

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது கண்ணாடிக் கடையிலிருந்து போன். இரண்டு பேர் கண்ணாடி மாறிப்போயிற்றாம். என்னுடையதைப் போட்டுக்கொண்ட யாரோ ஒரு அம்மாள் படிக்கட்டில் உருண்டுவிட்டாராம். திருப்பிக் கொடுக்கும் முன் ஒரு சந்தேகம். சமையலறைத் தரையில் இவர் பந்தை வைத்து அந்தக் கண்ணாடியோடு பார்த்துக்கொண்டே தலையைத் திருப்பினேன். பந்து நகர்ந்தது, கடுகளவு. என் கண்ணாடி வந்த பிறகு பார்த்தேன். அம்மிக்கல் மாதிரி நிற்கிறது. ஓடிப்போய்ச் சொல்லிவிடலாம் என்று கூடத்துக்கு வந்தால், இவர் பாராட்டுப் பத்திரத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு நிற்கிறார். நான்கு நாளில் முதல் முறையாக வாயைத் திறந்து, "கோப்பையை யார் வேணா வாங்கலாம்டி, இது கஷ்டப்பட்டு வாங்கினது" என்றார். அதன் பிறகு என்ன சொல்ல? அதனால் உங்கள் கடிதத்தில் அந்தத் தராசு முள்ளை மட்டும் எடுத்துவிடுங்கள். சாமியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் வெளியே சொல்லமாட்டார். அண்ணியை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.