பல்லும் ஓட்டையும் சேர்ந்த கத்தி

தன் மூளையைப் பற்றித் தனக்கே பெருமை வந்துவிட்டவன் கையில் கத்தியைக் கொடுக்கக் கூடாது. நான் கத்தியைச் செய்தே விட்டேன்.

திண்டுக்கல்லில் ஒரு லேத் பட்டறையில் எனக்கு வேலை. எங்கள் அடுப்படியில் இரண்டு கத்திகள் அடுத்தடுத்த ஆணியில் தொங்கும். ஒன்று ரொட்டி அறுக்கிற பல் கத்தி, வழுக்காது. இன்னொன்றில் வரிசையாக ஓட்டைகள். நறுக்கிய துண்டு ஒட்டாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து தக்காளி நறுக்கும்போது (அதாவது என் மனைவி ஸ்டெல்லா நறுக்க, நான் வேடிக்கை பார்க்கும்போது) ஞானம் பிறந்தது. பட்டறையில் ஒரே தகட்டில் பல்லும் வெட்டி ஓட்டையும் போட்டேன். தக்காளி தாள் தாளாக வந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். காப்புரிமை வாங்கி, பக்கத்து ஊரான எரியோட்டில் கத்திக் கம்பெனி கட்டி, ரிப்பனும் வெட்டிவிட்டேன் (மனதில்தான், அதே கத்தியால்). மதுரையில் காப்புரிமை ஆலோசகர் ஒருவரைப் பார்த்துவிட்டு, அன்று சாயங்காலமே வேலையை விடுவதாக முதலாளியிடம் சொல்லிவிடத் திட்டம். ஸ்டெல்லாவுக்கு இதில் துளியும் சம்மதமில்லை. ஆனாலும் துணைக்குக் கிளம்பி வந்தாள்.

ஆலோசகர் அம்மா கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எப்படித் தோணுச்சு?"

"ரெண்டு கத்தியும் பக்கத்துல தொங்குச்சு மேடம். பாத்த ஒடனே தோணிருச்சு."

"ரீட்டா சொன்னதையும் சொல்லுங்க" என்று ஸ்டெல்லா எடுத்துக் கொடுத்தாள்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "ஆமா மேடம். என் கொழுந்தியா ரீட்டாகிட்ட ரெண்டு கத்தியையும் காட்டுனேன். நான் சொல்றதுக்கு முன்னாடியே, ரெண்டையும் ஒண்ணாக்கிரலாமேன்னுட்டா. லேத்துப் பக்கமே வராதவ."

அவர் பேனாவை மூடி வைத்தார். "எல்லாருக்கும் சட்டுனு தோணுறதுக்குக் காப்புரிமை கெடைக்காது சார். பல்லு பல்லு வேலையப் பாக்குது, ஓட்டை ஓட்டை வேலையப் பாக்குது. சேந்து புதுசா என்ன செய்யுது?"

நான் தீவிரமாக யோசித்தேன். "ரெண்டையும் செய்யுது மேடம்."

அவர் சிரிக்கவில்லை. அதற்கே கோயில் கட்டலாம். ஆசை காட்டி என்னை இழுத்தடித்திருக்கலாம். முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்லி, டீயும் வரவழைத்துக் கொடுத்தார். இன்றும் என் ஜெபத்தில் அவருக்கு இடமுண்டு.

சாயங்காலம் முதலாளி, "ஏதோ சொல்லணும்னியேப்பா?" என்றார்.

"லேத்துக்கு எண்ணெய் விடணும்ணே" என்றேன்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் யாராவது சாம்பாரில் தயிரை ஊற்றிப் பிசைந்தால்கூட, "சேந்து புதுசா என்ன செய்யுது மச்சான்?" என்று ரீட்டா என்னிடம்தான் கேட்பாள். போன கல்யாண நாளன்று எங்கள் இருவரையுமே காட்டிக் கேட்டாள்: "அக்கா அக்கா வேலையப் பாக்குறா, மச்சான் மச்சான் வேலையப் பாக்குறாரு. சேந்து புதுசா என்ன?"

ஸ்டெல்லா பிரியாணி பரிமாறிக்கொண்டே சொன்னாள்: "இவரு வாயும் என் ரோசனையும் அன்னைக்கு மேடம் முன்னாடி சேரலேன்னா, இவருக்கு வேலை மிஞ்சியிருக்காது."

ரீட்டா பேச்சை அன்று அவள் வேண்டுமென்றேதான் எடுத்துக் கொடுத்தாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. தட்டை நீட்டினேன். இன்னொரு கரண்டி வைத்தாள்.