என் பெயரில் உங்கள் அத்தை விட்ட மூச்சு

கள்ளக்குறிச்சி,
ஆஸ்பத்திரி மாடி வராந்தா,
வெள்ளிக்கிழமை காலை.

என் மரியாதைக்கும் பிரியத்துக்கும் உரிய மாப்பிள்ளை பகலவன் அவர்களுக்கு மாமனார் தங்கதுரை எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் இங்கே இருக்கிற இரண்டு பேரில் ஒருவர் நலம், ஒருவர் நலமில்லை. யார் எது என்பதில்தான் போன மாதம் முழுக்கக் குழப்பம் நடந்திருக்கிறது. அங்கே தாங்களும் என் மகள் சுபஸ்ரீயும் அவள் வயிற்றில் இருக்கிற ஜீவனும் சௌக்கியமாக இருக்க மாரியம்மன் துணை.

கையில் போன் இருக்கும்போது மாமா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் சுபஸ்ரீ பக்கத்தில் வந்து நின்றுகொள்வாள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் உங்களுக்கு முன்னால் அவள் படித்துவிடுவாள். ஏழாம் மாதத்துப் பெண். அதனால்தான் உங்கள் ஆபீஸ் விலாசத்துக்கு ஸ்பீடு போஸ்டில் போடுகிறேன். உங்கள் அத்தை ராணியம்மாள் இங்கே ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். உயிருக்கு இப்போதைக்கு ஆபத்தில்லை. பதறாமல் மேலே படியுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தினமும் காலையில் உங்கள் போனில் என் தூக்கத்துக்கு மார்க் வருமே, போன மாதம் தொண்ணூறுக்குக் குறையாமல் வந்ததே, நீங்கள் கூட என்னைக் கூப்பிட்டு 'மாமா, பின்னிட்டீங்க' என்றீர்களே, அதில் ஒரு மார்க் கூட என்னுடையது இல்லை.

நான் தூங்குகிற லட்சணம் உங்களுக்குத் தெரியும். கரும்பு வெட்ட வந்த ஆட்களிடம் கூலி பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கியிருக்கிறேன், சாவு வீட்டில் பெஞ்சில் உட்கார்ந்து நான் விட்ட குறட்டையில் ஒப்பாரியே நின்று, செத்தவரின் மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து என்னை எழுப்பியிருக்கிறான், கடைசியில் உளுந்தூர்பேட்டையில் எக்ஸெல் வண்டியை ஓட்டிக்கொண்டே தூங்கி, நின்றிருந்த லாரியின் பின்னால் போய் முட்டி, லாரிக்காரர் இறங்கி வந்து, சாவதற்கு என் வண்டிதான் கிடைத்ததா என்று கேட்ட பிறகுதான் நீங்கள் என்னை இதே ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்து, தலை முழுக்க ஒயரைச் சுற்றிப் படுக்கவைத்து, தூக்கத்தில் என் மூச்சு நின்று நின்று வருகிறது என்று கண்டுபிடித்து, மூக்கில் மாட்டுகிற குழாயோடு, காற்றைத் தள்ளுகிற அந்தப் பெட்டியை வாடகைக்கு எடுத்துக் கொடுத்தீர்கள். பெட்டிக்குள்ளேயே சிம் இருக்கிறது, நான் விடுகிற மூச்செல்லாம் நெட்வொர்க்கில் சென்னைக்குப் போகும், அங்கே ஒரு மையத்தில் ஆட்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்று விளக்கினீர்கள். நான் தலையாட்டினேன். பெண்ணைக் கொடுத்த இடத்தில் தலையாட்டாமல் என்ன செய்வது?

ஆனால் அதை மாட்டிக்கொண்டு படுத்தவனுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். நான் மூச்சை வெளியே விடுவதற்குள் அது உள்ளே தள்ளுகிறது. கண்ணாடியில் பார்த்தால் தும்பிக்கை முளைத்த மாதிரி இருக்கிறது. நம் வீட்டு நாய் முதல் நாள் என்னைப் பார்த்துக் குரைத்துவிட்டு, அதற்குப் பிறகு பகலில்கூட என்னிடம் வருவதை நிறுத்திக்கொண்டது. நான் படுத்த கொஞ்ச நேரத்தில் கழற்றிவிடுவேன். விடிந்ததும் மையத்திலிருந்து எழில்மதி என்கிற பெண் போன் செய்யும். அந்தப் பெண்ணுக்குக் கோபமே வராது, அதுதான் எனக்குப் பயம். அய்யா, நேற்று சீக்கிரமே கழற்றிவிட்டீர்களே, ஏன் என்று கேட்கும். கரண்ட் போய்விட்டது என்பேன். கரண்ட் போயிருந்தால் எங்களுக்குத் தெரிந்திருக்கும் அய்யா என்று சொல்லும். மூக்கில் சளி என்பேன். சளி இருந்தால் மூச்சு வேறு மாதிரி வரும் அய்யா என்று சொல்லும். இத்தனை வருடக் குடித்தனத்தில் உங்கள் அத்தை என்னை இவ்வளவு குறுக்கு விசாரணை செய்ததில்லை. இப்படியே போனால் பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள் என்று ஒரு நாள் சொல்லியது. அன்றைக்கே நீங்கள் பேசினீர்கள், உங்களுக்குப் பின்னால் சுபஸ்ரீ அழுதது எனக்குக் கேட்டது.

அந்தக் கோபத்தில் பெட்டியைத் தூக்கி உங்கள் அத்தை பக்கம் தள்ளி, "இந்தா, நீ மாட்டிக்கினு படு. மூக்கு யாருதுன்னு மெட்ராசுல கீறவளுக்கு இன்னா தெரியப்போவுது" என்றேன். அவள் எடுத்து மாட்டிக்கொண்டாள். நான் மொட்டை மாடியில் போய்ப் படுத்தேன். விடிந்ததும் எழில்மதி, அய்யா நேற்று விடிகிற வரைக்கும் கழற்றவே இல்லையே, எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா என்றது. அப்புறம் நீங்கள் கூப்பிட்டீர்கள். சுபஸ்ரீ, அப்பா உனக்கு முத்தம் என்றாள். இவ்வளவு மரியாதை எனக்கு ஊரில் யாரும் கொடுத்ததில்லை. அன்றிலிருந்து தினமும் அவள்தான் மாட்டிக்கொண்டாள். எனக்குப் பதிலாக என் மனைவி பரீட்சை எழுதினாள், நான் பாஸ் ஆனேன். புருஷனின் மானத்துக்காக மூக்கில் குழாயோடு படுத்துக் கிடக்கிறாளே, இந்தக் காலத்திலும் இப்படி ஒரு பதிபக்தியா என்று நான் நெகிழ்ந்து போனேன், மாப்பிள்ளை. நெகிழ்ந்துவிட்டு நன்றாகத் தூங்கினேன்.

நடுவில் கரியாலூரில் இருக்கிற அவள் தங்கை சாலம்மாள் வீட்டுக்குத் திருவிழாவுக்குப் போனோம். மலையில் சிக்னல் கிடையாது, பெட்டி எதற்கு என்றேன். இருக்கட்டும் என்று சொல்லி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்து வந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கி சாலம்மாள் வீட்டுக்கு ஏறுகிற மேட்டில், பத்தடி நடப்பாள், ஒரு கல்லைப் பார்த்து உட்காருவாள், மறுபடி பத்தடி. மலை ஏற வந்தாயா, கல் எண்ண வந்தாயா என்று ஏசினேன். சாலம்மாள் அவள் காலைப் பார்த்து, "இன்னாக்கா, செருப்பு வாரு பதியற மாதிரி ஊதிக்கினு கீது" என்றாள். பஸ்ஸில் தொங்கப்போட்டு வந்தேன், அதனால்தான் என்று இவள் சொன்னாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மலையில் இருந்த நாளெல்லாம் பெட்டி மூச்சைச் சேர்த்து வைத்துக்கொண்டு, நாங்கள் கீழே இறங்கி சிக்னல் கிடைத்ததும் மொத்தமாகச் சென்னைக்கு அனுப்பிவிட்டது.

மறுநாள் எழில்மதியின் குரல் வேறு மாதிரி இருந்தது.

"அய்யா, நின்னுக்கிட்டிருந்தா உக்காருங்க. உங்க மூச்சு ஏறி ஏறி பெருசாகி, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா கம்மியாகி, நின்னுபோகுது. திரும்ப அதே மாதிரி ஏறுது. போன வாரத்துல இருந்து ஜாஸ்தி ஆகியிருக்கு. எங்க டாக்டர் பார்த்தாங்க. இது உங்க பழைய வியாதி இல்லை, இதயத்துல இருந்து வர்ற மாதிரி இருக்குன்னு சொல்றாங்க. உடனே இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுத்துப் பாருங்க அய்யா."

நீங்கள் படித்தவர், இந்த இடத்திலேயே புரிந்துகொண்டிருப்பீர்கள். எனக்குப் புரியவில்லை, மாப்பிள்ளை. எனக்கு வந்தது சந்தோஷம். நான் அந்தப் பெட்டியைத் தொட்டு ஒரு மாதம் ஆகிறது, அது என் இதயம் கெட்டுப்போச்சு என்கிறது, இதைவிட என்ன சாட்சி வேண்டும், எல்லாம் ஏமாற்று வேலை என்று டீக்கடையில் சொன்னேன், ரேஷன் கடையில் சொன்னேன், கரும்பு ஆலை வாசலில் டிராக்டர் வரிசையில் நின்றவர்களிடமெல்லாம் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். உங்கள் அத்தையிடமும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. சோற்றை வடித்துக்கொண்டிருந்தவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள், பிறகு எடுத்துக்கொண்டாள். எழில்மதி தினமும் போன் செய்தது, ஒரு நாள் கெஞ்சியது. நான் கேலி செய்தேன். அந்தப் பெண் அழாத குறையாக, அய்யா உங்களுக்கு யாருமே சொல்ல மாட்டாங்களா என்று கேட்டது.

சரி, இவர்கள் முகத்தில் கரியைப் பூசிவிட்டுப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுதான் திங்கட்கிழமை இங்கே வந்தேன். பெட்டியை உங்கள் அத்தை தூக்கி வந்தாள். எனக்கு எக்கோ எடுத்தார்கள். டாக்டரம்மா பார்த்துவிட்டு இதயம் நன்றாக இருக்கிறது என்றார். நான் காத்திருந்த வார்த்தை அதுதான். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, வெளியே இருக்கிறவர்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரி, நெட்வொர்க்கில் மூச்சு போகிறதாம், சென்னையிலிருந்து இதயம் தெரிகிறதாம் என்று ஆரம்பித்து, என் வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். டாக்டரம்மா கம்ப்யூட்டரில் அந்த மூச்சுக் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் முடித்ததும் கேட்டார்.

"அய்யா, இந்த மூச்சு பொய் இல்லை. இது உங்க மூச்சும் இல்லை. இதைப் போட்டுக்கிட்டு தூங்கினது யாரு?"

திரும்பிப் பார்த்தேன். வாசலுக்கு வெளியே பெஞ்சில், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, வாயைத் திறந்து மூச்சு வாங்கியபடி உட்கார்ந்திருந்தாள். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடத்தியே கூட்டி வந்திருந்தேன். வந்து எவ்வளவோ நேரம் ஆகியும் அந்த மூச்சு அடங்கவில்லை. நான் பார்த்த திசையைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா எழுந்து போய் அவள் கையைப் பிடித்தார்.

இதயம் வீங்கிப் பெரிதாகிவிட்டதாம். அடிக்க வேண்டிய பலத்தில் பாதிகூட இல்லையாம். அதனால்தான் உடம்பெல்லாம் நீர் கோத்துக் கால் ஊதியிருக்கிறது. மார்க்கெல்லாம் எத்தனை நேரம் மாட்டியிருந்தோம் என்பதற்காகத்தான் வருகிறதாம், இதை மையத்தில் டாக்டர் கோடு பார்த்துக் கண்டுபிடித்தால்தான் உண்டாம். நேராகப் படுத்தால் மூச்சு முட்டுமே, எத்தனை நாளாக என்று டாக்டரம்மா கேட்டார். "போன கரும்பு வெட்டுல இருந்துதாம்மா. செவுத்துல சாஞ்சிக்கினு தூங்கிப் பழகிட்டேன்" என்றாள். மொட்டை மாடிக்குப் போகிற வரைக்கும் அதே அறையில்தான் நானும் படுத்திருந்தேன். எனக்குத் தெரியவில்லை. நான்தான் தூங்குகிறவனாயிற்றே. என் தூக்கத்தைப் பார்க்க சென்னையில் ஒரு மையம், உங்கள் வீட்டில் இரண்டு போன், இத்தனை பேர். அவள் தூக்கத்தைப் பார்க்க அந்தச் சுவர் ஒன்றுதான்.

ஊசி போட்டு நீரையெல்லாம் வடித்துவிட்டார்கள். வடிந்த பிறகு பார்த்தால் பாதி ஆளாக இருக்கிறாள், வளையல் முழங்கை வரைக்கும் போகிறது. கெட்டது திரும்ப நன்றாகாது, மாத்திரையோடு காப்பாற்றிக்கொண்டு போகலாம், எத்தனை வருடம் என்று என்னைக் கேட்காதீர்கள் என்று டாக்டரம்மா ஒளிக்காமல் சொல்லிவிட்டார். வயல் வேலை கூடாது, உப்பு கூடாது. எழில்மதிக்கு நானே போன் செய்து உண்மையைச் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, அம்மா இப்போ எப்படி இருக்காங்க அய்யா என்று மட்டும் கேட்டது. நான் கேலி செய்ததற்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஆகவே மாப்பிள்ளை, சுபஸ்ரீயிடம் எப்படிச் சொல்வது, எப்போது சொல்வது என்பதை உங்கள் யோசனைக்கே விடுகிறேன். வளைகாப்பைத் தள்ளிப்போடக் கூடாது என்று உங்கள் அத்தை பிடிவாதமாக இருக்கிறாள். கலந்த சாதம் நான் கிளறினால் யார் சாப்பிடுவார்கள் என்று கேட்டேன், சாலம்மாள் வந்து செய்வாள் என்று அதற்கும் ஏற்பாடு செய்துவிட்டாள். எனக்காக ஒரு மாதம் அந்தக் குழாயை மாட்டிக்கொண்டு தியாகம் செய்தவள், அந்தத் தியாகத்தால்தான் அவள் வியாதியே வெளியே வந்தது என்று நினைக்கும்போது எனக்குச் சோறு இறங்கவில்லை.

தாங்களும் சுபஸ்ரீயும் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும். பிறக்கிற பிள்ளை நல்ல மூச்சோடு பிறக்க வேண்டும். உங்கள் அப்பா அம்மாவுக்கு எங்கள் வணக்கத்தைச் சொல்லுங்கள், விஷயத்தைச் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்
தங்கதுரை

பி.கு: கவரை ஒட்டுவதற்கு முன்னால், என்ன எழுதினீர்கள் என்று உங்கள் அத்தை படித்துக் காட்டச் சொன்னாள். முழுக்கக் கேட்டாள். நாய் வருகிற இடத்தில் சிரித்தாள். கடைசியில், "எல்லாம் சரிதாங்க. உங்களுக்காவ மாட்டிக்கினேன்னு எழுதியிருக்கீங்களே, அதத்தான் அடிச்சுடுங்க. மாப்பிள்ளை என்னை ரொம்ப நல்லவன்னு நெனச்சிக்கப்போறாரு. மொத நாளு அத மாட்டினதுமே எனக்குப் படுத்துக்கினே மூச்சு விட வந்துது. எத்தினி மாசம் கழிச்சு முதுகு தரையில பட்டுது தெரியுமா? அப்புறம் நீங்க கேட்டிருந்தாலும் குடுத்திருக்க மாட்டேன்" என்றாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன். "சொன்னா, அது உங்க மிஷினுன்னு புடுங்கி உங்களுக்கே மாட்டியிருப்பாங்க" என்றாள். ஆகையால் மேலே பதிபக்தி, தியாகம் என்று வருகிற இடத்தையெல்லாம் தள்ளிவிட்டுப் படிக்கவும். டாக்டரம்மா பார்த்து, அவளுக்கு ஏற்ற மாதிரி காற்றின் அளவை மாற்றி வைத்துக் கொடுத்த பிறகு இப்போதும் அதைத்தான் மாட்டிக்கொண்டு, காலை நீட்டி, மல்லாந்து படுத்துத் தூங்குகிறாள். திருப்பிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. எனக்கு வேறு ஒன்று பாருங்கள், மாப்பிள்ளை.