ஆரஞ்சு முதுகைத் துரத்திய காலை

"இடது கை இருக்கு. வலது கையைத்தான் காணோம்" என்றார் மருந்துக்கடைக்காரர், தோள்பையைத் தலைகீழாக உதறியபடி.

கையுறையைத்தான் சொன்னார். மலையடிவாரத்தில், விடிந்தும் விடியாத அந்தக் குளிரில், சைக்கிள் குழு மொத்தமும் அவரைத் திரும்பிப் பார்த்தது. எல்லோரும் மூக்கு வரை கம்பளி முகமூடியை இழுத்துவிட்டிருந்ததால் கண்கள் மட்டும்தான் தெரிந்தன. அத்தனை கண்களிலும் எரிச்சல்.

"கால் ரெண்டும் இருக்குல்ல மாமா? ஏறி மிதிங்க" என்றான் அவர் மனைவியின் தம்பி.

குழுவை நடத்துகிற கேப்டன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பொதுவாகவே அவர் அதிகம் பேசமாட்டார். மலையில் சுத்தமாகப் பேசமாட்டார். பேசினால் மூச்சு வீண் என்பது அவர் கட்சி. தன் ஆரஞ்சு ஜாக்கெட்டின் ஜிப்பைக் கழுத்து வரை இழுத்துவிட்டு, சைக்கிளில் ஏறினார்.

"நான் முன்னாடி போறேன். நீங்க பின்னாடியே வந்து பிடிங்க. நடுவுல பாதை பிரியும். என் ஜாக்கெட் மட்டும் கண்ணை விட்டு மறையக்கூடாது." பிறகு மருந்துக்கடைக்காரரைப் பார்த்தார். "சார், இந்தத் தடவையும் பாதியில வண்டி ஏறினீங்கன்னா, அடுத்த வாரத்துல இருந்து நீங்க வரவேணாம். கடையைப் பார்த்துக்குங்க."

மருந்துக்கடைக்காரருக்குச் சுருக்கென்றது. போன முறை மூச்சு வாங்கிப்போய் ஒரு காய்கறி வண்டியில் ஏறித் திரும்பியது உண்மைதான். முட்டைக்கோஸ் மூட்டைகளுக்கு நடுவே அவர் உட்கார்ந்திருந்த கோலத்தை மச்சான் போகிற வீட்டிலெல்லாம் நடித்துக் காட்டினான். இருமல் மருந்து வாங்க வருகிறவர்கள்கூட "மலை எப்படி சார் இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஒரே ஒரு தடவை, சொந்தக் காலில் மிதித்து உச்சியைப் பார்த்துவிட வேண்டும். அதற்குப் பிறகு செத்தாலும் சரி, சைக்கிளை விற்றாலும் சரி.

வலது காலின் சாக்ஸைக் கழற்றி வலது கையில் மாட்டிக்கொண்டார். கை சூடானது. கால் மரத்துப் போனது. சாக்ஸுக்குள்ளிருந்த விரல்களுக்குக் கியர் எது, பிரேக் எது என்று தெரியவில்லை. எதையோ அழுத்த, செயின் கழன்று விழுந்தது. அதை மாட்டக் குழுவிலிருந்த பல் டாக்டர் உதவிக்கு வந்தார். அவர் ஆட்டி ஆட்டி இழுத்ததில், சேர வேண்டியது சேராமல் கழல வேண்டாத இன்னொன்றும் கழன்றது.

ஒருவழியாக எல்லோரும் கிளம்பி முதல் ஏற்றத்தைத் தொட்டபோது கேப்டன் கண்ணிலேயே இல்லை. பாதை பிரிகிற இடம் வந்தது. இரண்டு பக்கமும் ஒரே வெள்ளைப் பனி.

"உங்களாலதான் சார்" என்றார் குழுவிலிருந்த தலைமையாசிரியை. அவர் அதட்டினால் பெரியவர்களே தப்பு செய்யாமல் மன்னிப்புக் கேட்பார்கள்.

"மன்னிச்சுக்குங்க மேடம்" என்ற மருந்துக்கடைக்காரர், அப்போதுதான் பார்த்தார். இடது பக்கப் பாதையில், பனிக்குள்ளே, ஓர் ஆரஞ்சு முதுகு மெதுவாக ஆடி ஆடிப் போய்க்கொண்டிருந்தது.

"கேப்டன்! அதோ கேப்டன்!"

போன உயிர் திரும்பி வந்ததுபோல் இருந்தது அவருக்கு. மணியை விடாமல் அடித்தார். ஆரஞ்சு முதுகு ஒருமுறை திரும்பிப் பார்த்தது. முகமூடிக்குள் இரண்டு கண்கள். அவ்வளவுதான், வேகம் பிடித்துவிட்டது.

"நாம வந்துட்டோம்னு தெரிஞ்சதும் வேகத்தைக் கூட்டிட்டார் பார்த்தீங்களா!" என்றார் பல் டாக்டர்.

"கொஞ்சம் மெதுவாப் போகச் சொல்லலாமே" என்று மூச்சு வாங்கினார் மருந்துக்கடைக்காரர்.

தலைமையாசிரியை கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து ஊதினார். மலையே அதிர்ந்தது. முன்னால் போன முதுகு சீட்டிலிருந்து எழும்பி, நின்றபடியே மிதிக்கத் தொடங்கியது.

"விசில் ஊதினா மெதுவாப் போகணுமா, வேகமாப் போகணுமா?" என்று கேட்டார் மருந்துக்கடைக்காரர்.

"என் பள்ளிக்கூடத்துல ஓடணும்" என்றார் தலைமையாசிரியை.

அடுத்த வளைவில் குழு தளர ஆரம்பித்தது. கேப்டனைத் தவறவிட்டால் கதை முடிந்தது. மருந்துக்கடைக்காரர் தொண்டை கிழியக் கத்தினார். "பிடிங்க! விடாதீங்க! இன்னிக்கு அவரை விட்டா அப்புறம் பிடிக்கவே முடியாது!"

குழுவுக்கு ரோஷம் வந்தது. ஆனால் ஆரஞ்சு முதுகுக்கும் எங்கிருந்தோ தெம்பு வந்துவிட்டது. வளைந்து நெளிந்து பறந்தது. அந்த வேகத்தில் அதன் ஹேண்டிலில் தொங்கிய துணிப்பை பாதையில் விழுந்தது. மச்சான் குனிந்து எடுத்தான். உள்ளே சூடு ஆறாத பன்கள்.

"நமக்காகப் போட்டிருக்கார் மாமா!"

"கை தவறி விழுந்திருக்கும்" என்றார் தலைமையாசிரியை.

"கேப்டனாவது, கை தவறுறதாவது!" மருந்துக்கடைக்காரருக்குக் கண் கலங்கியது. "வெளியிலதான் மேடம் மனுஷன் முரடு. உள்ளுக்குள்ள பஞ்சு."

ஆளுக்கொன்றாகக் கடித்துக்கொண்டே மிதித்தார்கள். கடைசி ஏற்றம் சுவர்போல் எழுந்து நின்றது. மூக்கு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தால் விரல் இருக்கிறதா என்று சந்தேகம் வந்தது. வலது கால் தன்னுடையதுதானா என்பதே மருந்துக்கடைக்காரருக்கு நிச்சயமில்லை. பின்னாலிருந்து ஒரு லாரி உறுமிக்கொண்டு வந்து, அவர் பக்கத்தில் வேகம் குறைத்தது. டிரைவர் பரிதாபமாகப் பார்த்து, ஏறுகிறாயா என்று கையால் கேட்டார். மூட்டைகளும் இருந்தன. படுக்க இடமும் இருந்தது.

அந்த நேரம் பார்த்து ஆரஞ்சு முதுகு திரும்பி, ஒரு கையை மேலே தூக்கி, ஏதோ கத்தியது. பாதியைக் காற்று தின்றுவிட்டது. "விட..." என்பது மட்டும் காதில் விழுந்தது.

"விடாதீங்கன்னு சொல்றார்யா! எனக்குத்தான் சொல்றார்!" என்று அலறினார் மருந்துக்கடைக்காரர். லாரிக்காரரைப் பார்த்துக் கும்பிடு போட்டுவிட்டு, சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதித்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அப்படி எழுந்து நின்று எதையும் செய்ததில்லை. பல் டாக்டரைத் தாண்டினார். தலைமையாசிரியையைத் தாண்டினார். மச்சானைத் தாண்டும்போது மட்டும் கொஞ்சம் மெதுவாகத் தாண்டினார், நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்று.

உச்சியில் பாதை முடிந்து கைப்பிடிச்சுவர் வந்தது. ஆரஞ்சு ஜாக்கெட்காரர் சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு, சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டார். உடம்பெல்லாம் நடுங்கியது. மருந்துக்கடைக்காரர்தான் முதலில் போய்ச் சேர்ந்தார். பின்னாலேயே மற்றவர்களும் வந்து, மரியாதையாக ஜாக்கெட்காரரைச் சுற்றி வளைத்து நின்றார்கள்.

மருந்துக்கடைக்காரர் அவர் முன்னால் மண்டியிட்டார். சாக்ஸ் போட்ட கையால் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கேப்டன், எங்க அப்பாகூட என்னை நம்பினதில்லை. நான் உருப்பட மாட்டேன்னுதான் வீட்டுல எல்லாரும் சொன்னாங்க. நீங்க ஒருத்தர்தான் எனக்காக நிக்காம மிதிச்சீங்க. திரும்பித் திரும்பிப் பார்த்தீங்க. பன்கூட குடுத்தீங்க. இந்த மலையை நான் ஏறலை கேப்டன். நீங்கதான் என்னை ஏத்தி விட்டீங்க."

மச்சான் மூக்கை உறிஞ்சினான், குளிராலா வேறு எதனாலா என்று தெரியவில்லை. தலைமையாசிரியைகூடக் கைதட்டினார்.

சுவரோரம் இருந்தவர் முகமூடியைக் கீழே இழுத்தார். நரைத்த மீசை. ஒடுங்கிய கன்னம். அங்கிருந்த யாருமே அதுவரை பார்த்திராத முகம்.

"கேப்டனா? யாருய்யா அது? என் வீடு கீழே முதல் வளைவுலயே வந்திருச்சு... இத்தனை பேரு முகத்தை மூடிக்கிட்டு விரட்டினா, நான் எங்கய்யா நிறுத்துறது?"