வேலந்தாவளத்துக்கு இந்தப் பக்கத்துச் சட்டம்

எனக்கு வரிசையில் நிற்க வராது. நின்றால் உள்ளங்கால் அரிக்கும், யாரிடமாவது சட்டம் பேசத் தோன்றும். (இன்று நட்ட தென்னை நாளைக்கே காய்க்க வேண்டும் எனக்கு.)

சில வருடங்களுக்கு முன் என் மனைவி சுமதிக்குப் பித்தப்பையில் கல். பாலக்காட்டு டாக்டர் ஆபரேஷன் தேதி தரவில்லை. எங்கள் மகள் பிறந்தபோது கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் ஏதோ மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாமல் சுமதிக்கு மூச்சுத் திணறியிருந்தது. அது எந்த மருந்து என்று தெரியாமல் கத்தி வைக்க முடியாது என்றார். அவளோ வலியில் சுருண்டு கிடந்தாள். எனக்குப் பயம். என் பயம் எப்போதும் கோபமாகத்தான் வெளியே வரும்.

கேரளாவிலிருக்கும் எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறையிலிருந்து கிளம்பும் முன்பே, பழைய ரெக்கார்டைக் கேட்டால் ஆஸ்பத்திரி தரவேண்டும் என்கிற சட்டத்தைக் கைப்பேசியில் தேடி எடுத்துக்கொண்டேன். கோயமுத்தூரில் ரெக்கார்டு கவுண்டர் பெண், "சார், பேஷண்ட்..." என்று ஆரம்பித்ததுமே பாய்ந்துவிட்டேன்.

"கேட்டாக் குடுத்தாகோணுமுங்க! சட்டம் இருக்குது!"

"ஏனுங்க, நான் சொல்றனுங்க..." என்று சுமதி சட்டையை இழுத்தாள்.

"நீ சித்த சும்மா இரு, சுமதி."

அந்தப் பெண் கைப்பேசியை வாங்கிப் பார்த்தாள். "இது மலையாளத்துல இருக்குதுங்களே?"

"ஆமாங்க, கேரளா சட்டம்!"

"இது கோயமுத்தூருங்க சார்."

வரிசை மொத்தமும் சிரித்தது. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ரேஷன் கேரளாவில், ஜவுளி கோயமுத்தூரில். பேச்சும் ஒன்றுதான் என்பதால், நடுவில் வேலந்தாவளத்தில் ஒரு மாநில எல்லை இருப்பதே மறந்துபோகும். அத்தோடாவது வாயை மூடியிருக்கலாம். "எந்த ஊரானாலும் பேஷண்டுக்கு உரிமை உண்டுங்க!" என்று மேஜையைத் தட்டினேன்.

"உண்டுங்க சார். அதைத்தான் அப்பப் புடிச்சு சொல்ல வாறேன். பேஷண்ட் கேட்டா காப்பி குடுத்துருவோம். பேஷண்ட் எங்கீங்க?"

சுமதி ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் என்னை ஓரமாகத் தள்ளினாள். "நாந்தானுங்க."

கையெழுத்துப் போட்டாள். கிடைத்துவிட்டது. மருந்தின் பெயர் அதில் இருந்தது, ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது.

இப்போதும் யாராவது சுமதியைக் காப்பி வேண்டுமா என்று கேட்டு, நான் வேண்டாம் என்றால், எங்கள் மகள் குறுக்கே விழுவாள். "அப்பா, பேஷண்ட் எங்கீங்க?"

போன மாதம் எனக்குச் சர்க்கரை. இனிப்பு சாப்பிடுவீர்களா என்று டாக்டர் கேட்டார். "தொடறதே இல்லீங்க" என்றேன், பேஷண்டின் முழு உரிமையோடு.

பின்னாலிருந்து சுமதி சொன்னாள்: "அவருக்கு உரிமை இருக்குதுங்க டாக்டர். ரெக்கார்டு எங்கிட்ட இருக்குது."