அம்மாவை மாடிப்படி ஏற்றி அளந்த கதை

எங்கள் கள்ளக்குறிச்சியில் ஒரு பொம்பளைக்கு மாதவிடாய் நின்றுவிட்டால், அவள் நடப்பது, ஏறுவது, கடைக்குப் போவது எல்லாமே கூடச் சேர்ந்து நின்றுவிட வேண்டும் என்று ஒரு கூட்டம் நம்புகிறது. அந்தக் கூட்டத்துக்குத் தலைவர் என் மாமா.

அம்மாவுக்கு அது நின்ற கையோடு பிரஷர் ஏறியது. அத்தா, அதாவது என் அப்பா, இறந்த பிறகு எங்கள் துணிக்கடையை நடத்துவது அம்மாதான். மாமா தீர்ப்பே சொல்லிவிட்டார்: “கடைய என் புள்ள பாத்துக்குவான். நீ வூட்ல படுத்துக்கினு ரெஸ்ட் எடு.”

விடுவேனா? டாக்டரிடம் போனோம். மாத்திரையோடு உடற்பயிற்சியும் செய்யச் சொன்னார். நானே கோச். (தகுதி: பி.காம்., போனில் பார்த்த வீடியோக்கள்.) விடியலில் சங்கராபுரம் ரோட்டில் வேகநடை. கடையில் ஸ்டூலைப் பிடித்தபடி உட்கார்ந்து எழுவது. கொஞ்ச மாதத்தில் பிரஷர் அழகாக இறங்கியது.

அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடித்து மாமா கடைக்கு வந்தார். கல்வராயன் மலையிலிருந்து கல்யாணத் துணி எடுக்க வந்த குடும்பமும் இருந்தது. கூட்டத்தைப் பார்த்ததும் எனக்குள் சர்க்கஸ்காரி புகுந்துகொண்டாள். “எல்லாரும் பாருங்க!” என்று, தோளில் ஒரு புடவைக் கட்டோடு அம்மாவை மாடி குடோனுக்கு ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றி, இறக்கினேன். அவள் மூச்சு வாங்கும்போதே கையில் பிரஷர் மெஷின் பட்டையைச் சுற்றினேன். மெஷின் காட்டியதைப் பரிசு அறிவிப்பதுபோல் கத்தினேன்.

“நூத்தித் தொண்ணூறு!”

மாமா நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். (பிரஷர் அம்மாவுக்கு.) “யா அல்லா! பெத்தவளயே கொல்லப் பாக்குறியே! ஆட்டோ கூப்புடு!”

“ஏறி எறங்குன ஒடனே அளந்தா இன்னா ஆவும்? கொஞ்சம் உக்கார வுடுங்க!” என்று அம்மா கத்தியது ஆட்டோ சத்தத்தில் அமுங்கிப்போனது.

டாக்டர் உட்காரவைத்து, ஆறவிட்டு அளந்தார். நூற்று இருபத்தாறு.

“படி ஏறுனா யாருக்கும் ஏறத்தான் செய்யும். ஒக்காந்து அளக்கணும். யாரும்மா இந்தக் கோச்?”

அத்தனை விரல்களும் என்னை நோக்கி நீண்டன.

“கேட்டுக்கினியா அண்ணே? கடைச் சாவி என்கிட்டதான் இருக்கும்,” என்ற அம்மா, ஆட்டோவை அனுப்பிவிட்டு நடந்தே கடைக்குப் போனாள். வேகநடையில். மாமா பின்னால் வியர்த்துக் கொட்டியபடி வந்தார்.

இன்றும் நான் எதற்காவது துள்ளிக் குதித்தால் போதும். கல்லாவில் உட்கார்ந்தபடியே, வாடிக்கையாளர் முன்னாலேயே அம்மா சொல்வாள்:

“மொதல்ல உக்காருடி. ஆறட்டும். அப்பறம் அளக்கலாம்.”